பெருமை பேசுவோர் பலர், பேணுவோர் யார்?

கும்மிடிப்பூண்டியில் மாலைக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளை. உருக்காலையில் பணி முடித்து, உடை மாற்றவும் நேரமின்றி வந்திருந்த தோழர் ஒருவர், தயங்கித் தயங்கி என் அருகே வந்தார். கையிலே ஒரு தாள்; கண்ணிலே ஒரு கலக்கம்.

"அண்ணே! எம் பொண்ணு வேதியியல் பட்டம் முடிச்சிருக்கு. மேலே, பழம்பொருள் பாதுகாப்புன்னு ஒரு படிப்பு இருக்காம். அதைத்தான் படிப்பேன்னு ஒத்தைக் காலிலே நிக்குது. பழைய சிலையையும் ஓலையையும் கெட்டுப்போகாம காக்கிற வேலையாம். இதுக்கு ஒரு பட்டமா? இதிலே சோறு கிடைக்குமாண்ணே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டனர். "பாத்திரம் துலக்கப் பட்டமா!" என்றார் ஒருவர். மேலும் சிரிப்பு. அந்தத் தோழரின் முகம் வாடிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மணி நேரத்திற்கு முன்புதான், அதே மேடையிலே, அதே ஒலிபெருக்கியிலே, நமது தொன்மையை முழங்கினோம். கல்லிலே கலை கண்டவர் நாம் என்றோம். செம்பிலே உயிர் வடித்தவர் நாம் என்றோம். ஓலையிலே உலகை எழுதி வைத்தவர் நாம் என்றோம். தட்டிய கைகளின் சிவப்பு இன்னும் மாறவில்லை. அதற்குள், அந்தக் கல்லையும் செம்பையும் ஓலையையும் அழியாமல் காக்கும் தொழிலைக் கற்க ஒரு தொழிலாளியின் மகள் விரும்புகிறாள் என்றதும் நமக்குச் சிரிப்பு வருகிறது!

அன்று அவருக்கு ஓரிரு சொற்களில் விடை கூறி அனுப்பினேன். அது போதாது என்று உள்ளம் இடித்துரைத்தபடியே இருக்கிறது. கேட்டவர் ஒருவர்தான், ஆனால் அந்தக் கேள்வி பல வீடுகளில் கேட்கப்படாமலே புதைந்து கிடக்கிறது. ஆகவே, அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் அனைவரிடமும் சொல்கிறேன்.

எந்த மண்ணிலே நின்றுகொண்டு சிரித்தோம் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

1863ஆம் ஆண்டு மே மாதம், ராபர்ட் புரூஸ் புட் என்னும் நிலவியலாளர், பல்லாவரத்திலே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும், வில்லியம் கிங் என்ற மற்றொரு நிலவியலாளரும், கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய அத்திரம்பாக்கத்திற்கு வந்து சேர்ந்தனர். நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர் அது. ஆடு மேய்ப்பவர் காலில் இடறிய கற்களிலே, ஆதி மனிதனின் கை வேலையைக் கண்டு வியந்தனர். 1999 முதல் அங்கே முறைப்படி அகழ்ந்து வந்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் குழுவினர், 2011இல் தம் ஆய்வை வெளியிட்டனர். அங்குள்ள தொன்மையான கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று கணித்தனர். 2018இல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்வு, அதனினும் நுட்பமான அடுத்த கட்டக் கருவிகள், ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே உருவாகத் தொடங்கிவிட்டன என்று காட்டிற்று. உலகத்து ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தனர். திருவள்ளூரிலிருந்து பேருந்தேறினால் எட்டிவிடக்கூடிய அந்த ஊரை, நம்மில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்? பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. நீர்த்தேக்கத்தைக் காணச் செல்வோர் பலர்; அகழ்வைப்பகத்தின் படி ஏறுவோர் எத்தனை பேர்?

இன்னும் கேளுங்கள். திருவாலங்காடு நம் மாவட்டத்து ஊர். இராசேந்திர சோழனின் செப்பேடுகள் 1905இல் அங்கேதான் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். சோழர் வரலாற்றை எழுதப் புகும் எவரும் அந்த ஏடுகளைத் தொடாமல் எழுத முடியாது. அதே திருவாலங்காட்டில் கிடைத்த ஆடல்வல்லான் திருமேனி, இன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நிழற்படங்களைக் கண்டு நெஞ்சு நிறைந்த பிரெஞ்சுச் சிற்பி ரோடின், ஒரு கட்டுரையே எழுதினார். அவர் மறைந்த பின், 1921இல் அது அச்சேறியது. ஐரோப்பாவின் தலைசிறந்த சிற்பி, படத்தைக் கண்டே உருகினான். நாம் எழும்பூர் இரயில் நிலையத்திலே இறங்கி, அருங்காட்சியகத்தின் மதிலோரமாகவே நடந்து போய்விடுகிறோம்!

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை எழுப்பினார்கள். கோட்டை சிதைந்துவிட்டது, கல்லறைத் தோட்டம் எஞ்சி நிற்கிறது. அங்குள்ள கற்களிலே மண்டையோடும் மணற்கடிகாரமும் செதுக்கி, காலம் கழிந்துகொண்டிருக்கிறது என்று எச்சரித்திருக்கிறார்கள். கடலின் உப்புக் காற்று, அந்த எச்சரிக்கையின் மீதே நாள்தோறும் வீசுகிறது.

பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமை ஒரு புறம். ஆயிரம் ஆண்டுச் செம்பு ஒரு புறம். நானூறு ஆண்டு வாணிக வரலாறு ஒரு புறம். இவற்றுக்கு நடுவே, புகைபோக்கிகள் எழுந்து நிற்கும் நம் தொழிற்பேட்டை. இந்த மண்ணிலே நின்றுதான் நாம் சிரித்தோம், தோழர்களே!

சரி, கேள்விக்கு வருவோம். இது துலக்கும் வேலைதானா?

கேள்வி கேட்ட தோழரின் தொழில் இரும்பு. உருக்கிய இரும்பு எப்படி ஓடும், உருட்டிய கம்பி எப்படி ஆறும், ஆறும்போது மேலே எழும் செதில் எப்படி உதிரும் என்பதை நாள்தோறும் காண்பவர் அவர். உப்புக் காற்று வீசும் கரையோரத்திலே கம்பியைத் திறந்தவெளியில் அடுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அந்தத் துருவைப் பற்றிய அறிவுக்கு அவர் ஆலையிலே கூலி உண்டு. அவர் மகள் கற்க விரும்புவது, அதே அறிவின் அடுத்த வகுப்பு.

செம்புப் பாத்திரத்திலே களிம்பு ஏறும், புளியிட்டுத் துலக்குவோம், பளபளக்கும். பழஞ்சிலையிலும் களிம்பு ஏறும். புளியிட்டுத் துலக்கலாமா? கூடாது! ஏனெனில், களிம்பிலே இரு வகை உண்டு. நூற்றாண்டுக் கணக்காகப் படிந்து இறுகிப்போன மேற்படலம், உலோகத்திற்குக் கவசம்; அதைச் சுரண்டி எடுப்பவன், சிலையின் தோலை உரிக்கிறான். மற்றொன்று நோய். மண்ணில் புதைந்து கிடந்த காலத்தில் உப்பிலிருந்த குளோரைடு உலோகத்துள் புகுந்து உறங்கும். ஈரக்காற்று பட்டதும் விழித்துக்கொள்ளும். வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாய் எழும்பும். அந்த அரிப்பினால் அமிலம் பிறக்கும். பிறந்த அமிலம் மேலும் அரிக்கும். அரித்ததால் மீண்டும் அமிலம்! வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். கவனியாது விட்டால், ஒரு சிற்பி மெழுகிலே உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் வார்த்து, உளியால் கண் திறந்த உருவம், பொடியாய் உதிர்ந்துபோகும்.

கவசம் எது, நோய் எது என்று கண்டறிய, துலக்கும் கை போதாது; வேதியியல் அறிந்த கண் வேண்டும்.

இந்த அறிவு நமக்கு அயலானது என்றும் எண்ணிவிடாதீர்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்திலே 1930இலேயே பழம்பொருள் பாதுகாப்புக்கென வேதியியல் கூடம் தொடங்கிவிட்டது. எஸ். பரமசிவன் என்னும் வேதியியலாளர், நோயுற்ற வெண்கலத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையால் அங்கே குணப்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலிலும் சித்தன்னவாசலிலும் உள்ள ஓவியங்களின் வண்ணங்களையும் அடிப்பூச்சையும் ஆராய்ந்தார். இந்தியாவில் இத்துறைக்கு முன்னோடிகளுள் ஒருவர் அவர். நம் தலைநகரிலே, நாடு விடுதலை பெறுவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றிய விளக்கு அது. அதன் ஒளி மாவட்டந்தோறும் பரவியதா என்று கேட்டுப் பாருங்கள். பெருமை பேசும் நாம் தலைகுனிய நேரிடும்.

இரும்பின் கதை இன்னும் கூர்மையானது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, தமிழ் மண்ணில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாடெங்கும் மகிழ்ச்சி, நமக்கும் மகிழ்ச்சி. ஆனால், ஆலைத் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா? மண்ணுக்குள்ளே ஆயிரக்கணக்கான ஆண்டு அமைதியாய்க் கிடந்த இரும்பு, வெளியே எடுத்து வைத்த பிறகுதான் விரைந்து அழியத் தொடங்கும். உள்ளே ஊறிய உப்பு, காற்றையும் ஈரத்தையும் கண்டு கிளர்ந்தெழும், வெடிப்பு விடும், செதில் செதிலாய்ப் பிரியும். அகழ்ந்தெடுப்பது ஒரு பருவத்து வேலை. எடுத்ததைக் காப்பது தலைமுறை தலைமுறையாய்ச் செய்ய வேண்டிய வேலை. தோண்டுவோர் படம் ஏடுகளில் வருகிறது. ஈரம் புகாத பெட்டியில் வைத்து, உப்பை இறக்கி, வாரந்தோறும் பார்த்துக் குறிப்பெழுதும் கைகளின் படம் எங்கும் வருவதில்லை. அந்தக் கைகள் இல்லையேல், 5,300 ஆண்டுப் பெருமை, ஒரு தட்டு நிறையத் துருப்பொடியாகத்தான் நம் பேரர்களுக்குப் போய்ச் சேரும்.

காலம் செய்யும் கேடு இது. அறியாமை செய்யும் கேடு இதனினும் கொடிது.

கேடு செய்வோர் பகைவரல்லர். பெரும்பாலும் அன்பு கொண்டவர்கள்! கோயிலைப் புதுப்பிக்கிறோம் என்று, கற்சுவரின் மீது மணலை விசையோடு பீய்ச்சியடித்தனர். அழுக்கோடு கல்வெட்டின் எழுத்தும் போயிற்று. விழாவுக்கு அழகு செய்கிறோம் என்று சுண்ணாம்பு பூசினர், சுவரோவியம் மறைந்தது. ஒழுகலை அடைக்கிறோம் என்று, சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தின் மீது சிமெண்டை அப்பினர். சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்ட் விடாது. உள்ளே சிக்கிய ஈரம், பழைய செங்கல்லைத் தின்றது. இத்தனைக்கும் காரணம் கெட்ட எண்ணமன்று; கற்றவர் ஒருவர் அருகே இல்லாமைதான்.

கற்றவர் அருகே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தஞ்சையே சான்று. பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடைவழியில், நாயக்கர் கால ஓவியத்திற்கு அடியிலே சோழர் ஓவியம் மறைந்திருப்பதை, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சோழர் ஓவியத்தைக் காண வேண்டுமானால் நாயக்கர் ஓவியத்தை அழிக்கத்தானே வேண்டும் என்று எவரும் கேட்பர். அழிக்கவில்லை! தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள், பிற்காலத்தில், மேலடுக்கைத் தனியே பிரித்தெடுத்து, வேறு பலகையிலே பொருத்தினர். அடியிலிருந்த சோழர் வண்ணமும் வாழ்கிறது, மேலிருந்த நாயக்கர் வண்ணமும் வாழ்கிறது. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கொல்ல வேண்டியதில்லை என்று காட்டியவர்கள் அவர்கள்.

அப்படியானால், அந்தப் பெண் கற்கப்போவது என்ன? உலோகம், கல், மரம், ஓவியம், துணி, தாள், ஓலை, இவற்றுள் ஒவ்வொன்றும் எதனால் ஆனது, எதனால் அழிகிறது, எதனால் நிற்கும் என்பதைக் கற்பாள். நுண்ணோக்கியின் வழியே காணக் கற்பாள். பூச்சியையும் பூஞ்சணத்தையும் அடையாளம் காணக் கற்பாள். கத்தியின் முனையால் ஒரு மணியரிசி அளவு அழுக்கை நீக்க அரை நாள் பொறுமை காக்கக் கற்பாள். இவற்றுக்கெல்லாம் மேலாக மூன்று நெறிகளைக் கற்பாள். தேவைக்கு மேல் தொடாதே என்பது ஒன்று. நீ செய்ததை நாளை வருபவன் நீக்கிக்கொள்ளும்படி செய் என்பது இரண்டு. செய்த ஒவ்வொன்றையும் எழுதி வை என்பது மூன்று. ஆட்சியில் அமர்வோரும் கற்க வேண்டிய நெறிகள் அல்லவா இவை!

எங்கே கற்பது? 1989இல் டெல்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, பாதுகாப்புத் துறையில் முதுகலைப் படிப்பை நடத்தலாயிற்று. பின்னர் அது நொய்டாவுக்கு இடம் பெயர்ந்தது. லக்னோவில், பண்பாட்டுப் பொருள்களைக் காப்பதற்கென்றே 1976இல் நிறுவிய தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சென்னையில் மாநிலத் தொல்லியல் துறை, தொல்லியலில் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மாமல்லபுரத்தில், கல்லையும் மரத்தையும் உலோகத்தையும் கையாலேயே கற்பிக்கும் அரசு சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் இயங்குகிறது. 1850இலிருந்து தொடரும் சென்னை ஓவியக் கல்லூரியும் உண்டு. வேதியியல் பயின்றவருக்கும் இத்துறையில் வழியுண்டு; ஓவியம் பயின்றவருக்கும் உண்டு; கட்டடப் பொறியியல் பயின்றவருக்கும் உண்டு.

உலக அளவிலே, ரோம் நகரில் பண்பாட்டுப் பொருள் பாதுகாப்புக்கான பன்னாட்டு மையம் 1959இல் தொடங்கியது. அதை நிறுவுவது என்று யுனெஸ்கோ பொதுமாநாடு முடிவெடுத்த இடம் எது தெரியுமா? 1956இல், நம் டெல்லி மாநகர்! முடிவு பிறந்த நாட்டிலே, அந்தத் தொழிலைக் கற்கப் புறப்பட்ட பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம்.

இனி, மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். "சோறு கிடைக்குமா?" என்ற கேள்வி நியாயமான கேள்வி. வயிறு நிறைந்தவன் அதைக் கேட்டுச் சிரிக்கலாம். நாம் சிரிக்கக் கூடாது. அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள், ஓலைச்சுவடி நூலகங்கள், நடுவண் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு, மாநிலத் தொல்லியல் துறை, தனியார் பாதுகாப்புக் கூடங்கள் என்று வேலைக்கு இடங்கள் உண்டு. ஆயினும் பணியிடங்கள் குறைவு. ஒப்பந்த வேலை மிகுதி. படித்து முடித்ததும் நாற்காலி காத்திருக்கும் என்று எவரேனும் கூறினால் அது பொய். நல்ல கைத்திறன் கொண்டவர்களுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் அது ஆறாண்டு, ஏழாண்டு உழைப்புக்குப் பிறகு கிடைக்கிறது. அதுவரை தாங்க, உருக்காலைத் தொழிலாளியின் குடும்பத்தால் முடியுமா?

இங்கேதான், தோழர்களே, இது ஒரு பெண்ணின் படிப்பு பற்றிய பேச்சாக நிற்காமல் அரசியலாகிறது.

வேலை இல்லாததற்குக் காரணம், செய்ய வேண்டிய வேலை இல்லாததா? மேலே கண்டோம், வேலை மலைபோல் குவிந்து கிடக்கிறது! செய்ய ஆள் வைக்கவில்லை, அவ்வளவுதான். சட்டம் இயற்றுவதிலும் நாம் எவ்வளவு விரைவு, பாருங்கள். தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கென ஆணையம் அமைக்கும் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2024இல். இடையிலே, 2021இல், கோயில்களும் பழம்பொருள்களும் சீரழிவதைத் தானே கையிலெடுத்து விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், 75 கட்டளைகளைப் பிறப்பிக்க நேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டு! வெண்கல நோய் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்குமா? கரையான் கோப்பு நகரும்வரை பட்டினி கிடக்குமா?

"முதலில் சோறு, பிறகுதான் சிலை" என்பார் ஒருவர். ஒப்புகிறேன். ஆனால் சிலையைக் காப்பவளுக்குச் சோறு போடு என்றுதானே நாமும் கேட்கிறோம்! இரண்டும் ஒரே கோரிக்கைதான்.

"அரசரும் செல்வரும் விட்டுச் சென்ற பொருள்கள் ஏழைத் தொழிலாளிக்கு எதற்கு?" என்பார் மற்றொருவர். அவரை நான் திருவாலங்காட்டுக்கு அழைக்கிறேன். செப்பேட்டிலே பெயர் அரசனுடையது. தகட்டை அடித்து, எழுத்தை வெட்டியது யார் கை? ஆடல்வல்லானை வார்ப்பிக்கப் பொருள் தந்தவர் எவரோ. உருகிய உலோகத்தின் அனலிலே நின்றது யார்? அத்திரம்பாக்கத்துக் கோடரியைச் செய்தவனுக்கு அரசனும் இல்லை, ஆண்டையும் இல்லை. அது தூய உழைப்பு! சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். நான்கு உழைப்பாளிகள் பாறையைப் புரட்டுகிறார்கள். சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதும் அதே கடற்கரையில்தான். அந்தச் சிலையும் வெண்கலம். அதன் மீதும் உப்புக் காற்றுதான் வீசுகிறது. அதைக் காப்பதும் செல்வரின் பொழுதுபோக்கா? பழம்பொருள் என்பது பெரும்பாலும், பெயர் எழுதி வைக்கப்படாத தொழிலாளியின் கையெழுத்து. அதைக் காக்க, இன்றைய தொழிலாளியின் மகளைவிட உரிமை உடையவர் எவர்?

இழந்த பிறகு அழுவதில் நாம் வல்லவர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. தமிழுலகம் அழுதது, இன்றும் அழுகிறது. அது தீயவர் வைத்த தீ. ஆனால் நம் வீடுகளிலும், ஊர்களிலும், தீயும் புகையும் இல்லாமல் ஒரு நூலகம் நாள்தோறும் எரிந்துகொண்டிருக்கிறதே, அதற்கு எவரைக் குற்றம் சாட்டுவது?

வேறு நாட்டார் என்ன செய்தனர்? 1966 நவம்பர் 4ஆம் நாள், இத்தாலியின் புளோரன்சு நகரை ஆர்னோ ஆற்று வெள்ளம் மூழ்கடித்தது. நூலகத்து நூல்களும், தேவாலயத்து ஓவியங்களும் சேற்றில் புதைந்தன. பல நாட்டு இளைஞர்கள் ஓடி வந்து, சேற்றிலே வரிசையாய் நின்று, ஒவ்வொரு நூலாய்க் கைமாற்றி மீட்டனர். வீரம் அது. ஆனால் சேற்றிலிருந்து எடுத்ததோடு வேலை முடியவில்லை. வசாரி என்பவர் பலகையிலே தீட்டிய 'கடைசி இராவுணவு' ஓவியம் செப்பனிடப்பட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது 2016இல். வெள்ளம் வந்து ஐம்பது ஆண்டுக்குப் பின்! இளைஞரின் உணர்ச்சி ஒரு வாரத்தில் மீட்டது. பயின்றவரின் பொறுமை ஐம்பதாண்டில் காத்தது. நம்மிடம் உணர்ச்சிக்குப் பஞ்சமில்லை. பொறுமைக்குத்தான் பள்ளிக்கூடம் வேண்டும்.

ஆகவே, கோரிக்கைகளைத் தெளிவாக வகுத்துக்கொள்வோம். மாவட்ட அருங்காட்சியகம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற பாதுகாவலர் ஒருவருக்கு நிலையான பணியிடம் வேண்டும். அகழாய்வுக்கு ஒதுக்கும் பணத்திலே, கிடைத்த பொருளைக் காக்கவும் ஒரு பங்கு முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். பழங்கோயிலானாலும், பள்ளிவாசலானாலும், தேவாலயமானாலும், திருப்பணிக்கு முன் இத்துறை அறிந்தவரின் ஒப்புதல் வேண்டும். வெளிமாநிலம் சென்று கற்கும் ஏழை மாணவர்க்கு, படிப்பு முடியும்வரை உதவித்தொகை வேண்டும். உலோகம் அறிந்த ஆலைகள் நிறைந்த நம் தொழிற்பேட்டை, சமுதாயப் பணிக்கென ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதியைத் திருவள்ளூர் மாவட்டத்துப் பழம்பொருள்களுக்கும், அவற்றைக் காக்கக் கற்கும் பிள்ளைகளுக்கும் தர வேண்டும். எந்த ஆட்சியிடமும் கேட்கத் தக்க கோரிக்கைகள் இவை. நாமே ஆளும் காலத்திலும் நம்மை நோக்கியே கேட்கத் தக்கவை.

கேட்டுவிட்டு நாம் கை கட்டி நிற்பதா? கூடாது. நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

நம் படிப்பகத்து அலமாரியைத் திறந்து பாருங்கள். அறுபதாண்டுக்கு முந்திய நம் ஏடுகள், துண்டறிக்கைகள், மாநாட்டு மலர்கள், மறைந்த தோழர்களின் நிழற்படங்கள் அங்கே இருக்கும். தொட்டால் நொறுங்கும். மலிவான செய்தித்தாள் மரக்கூழால் ஆனது; அதிலேயே ஊறிய அமிலம், வெயிலும் வெப்பமும் பட்டுத் தன் தாளைத் தானே தின்கிறது. அதனாலேயே மஞ்சளாகிறது. அன்பு மிகுந்து, கிழிசலிலே ஒட்டுநாடாவை ஒட்டுகிறோம். சில ஆண்டில் நாடா உதிரும், அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாய் நிற்கும். நெகிழித்தாளுக்குள் வைத்துச் சூடேற்றி மூடுகிறோம். பின்னர் பிரித்தெடுக்கவே முடியாது. செய்யாதீர்கள்! வெயில் படாத இடத்தில், சுவரை ஒட்டாமல், படுக்கை வாட்டில் அடுக்குங்கள். மடித்ததை நீட்டுங்கள். நல்ல தாளால் பொதியுங்கள். பக்கம் பக்கமாய்ப் படம் எடுத்து வையுங்கள். என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர் ஆயுள் முழுதும் திரட்டிய அச்சு நூல்களும் ஏடுகளும் துண்டறிக்கைகளும்தான், 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. ஒருவர் செய்தார், ஆயிரம் கிளை கொண்ட நம்மால் இயலாதா?

அடுத்து, ஒவ்வொரு கிளையும் தன் ஊரிலுள்ள நடுகல், கல்வெட்டு, பழங்குளத்துப் படித்துறை, ஓலைச்சுவடி வைத்திருக்கும் குடும்பம் ஆகியவற்றைக் குறித்துவைக்கட்டும். சுவரொட்டி ஒட்டும்போது பழஞ்சுவரை விட்டுவிடட்டும். ஆம், நம் சுவரொட்டியைத்தான் சொல்கிறேன்! தேர்தல் காலத்தில் சுண்ணாம்பு வாளியோடு புறப்படும் தோழன், எந்தச் சுவரில் சின்னம் எழுதுகிறோம் என்று ஒரு கணம் நின்று பார்க்கட்டும்.

மூன்றாவதாக, மாவட்டத்திற்கு ஒரு பிள்ளையையாவது இந்தப் படிப்புக்கு அனுப்புவோம். மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவாகும் பணத்தை ஓராண்டு சேர்த்தால், அந்தப் பிள்ளையின் விடுதிக் கட்டணத்திற்கு ஒரு கை கொடுக்கலாம். தலைவர் தோளில் விழும் பொன்னாடை அன்று மாலையே மடிக்கப்படும். ஒரு மகளுக்குத் தரும் கல்வி, ஆயிரம் ஆண்டு பொருளைக் காக்கும்.

அந்த உருக்காலைத் தோழருக்கு இப்போது முழு விடை கூறுகிறேன்.

தோழரே! உம் மகள் எளிய வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. சோறு தாமதமாக வரும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால், தயங்காமல் அனுப்பும். நுழைவுத் தேர்வுக்கும் முதலாண்டுச் செலவுக்கும் என்ன தேவை என்று கணக்கிட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு படிப்பகத்திற்கு வாரும். அன்று சிரித்தவர்களே முதல் காணிக்கை தருவார்கள். நான் அவர்களிடம் பேசிவிட்டேன். நீர் ஆலையிலே இரும்பைத் துருவிடமிருந்து காக்கிறீர். உம் மகள் வரலாற்றைத் துருவிடமிருந்து காக்கட்டும். அவள் படித்துத் திரும்பும் நாளில், அவளுக்கென ஒரு நிலையான பணியிடம் காத்திருக்க வேண்டும். அதை வாங்கித் தருவது உம் வேலையன்று, எங்கள் வேலை.

தோழர்களே, அடுத்த மேடையில் நம் தொன்மையை முழங்குமுன், அந்தத் தொன்மையைக் காக்க நம் கிளை என்ன செய்தது என்று ஒரு வரி சொல்லிவிட்டு முழங்குவோம். சொல்ல ஒரு வரியும் இல்லையேல், அன்று ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, அலமாரியைத் திறப்போம்.